பாய்மரப் படகுக்கு மோட்டார் மாட்டிய கௌஸ் மைதீன்

கௌஸ் மைதீன் என்கிற பேரை நான் முதலில் கேட்டது வசவோடு சேர்த்துத்தான். நான் கல்யாணமாகி வந்த புதிது. என் ஓரகத்தி ராஜம்மா பழவேற்காடு ஏரியிலிருந்து ஈரப் புடவையோடு வந்தாள். இறால் கூடையை வாசலில் தொப்பென்று போட்டாள். உள்ளே இருந்த இறாலெல்லாம் வெளுத்துப் போயிருந்தது.

"அந்த கௌஸ் மைதீன் படகுல ஏறினேன் பாரு, என்னைத்தான் சொல்லணும். காத்து நின்னு போச்சு. நட்ட நடு ஏரியில உக்காந்துக்கினு, எங்க முப்பாட்டன் டச்சுக்காரனுக்குக் கப்பல் ஓட்டினான்னு கதை சொல்றான். இறால் வாங்கற ஐஸ் வண்டிக்காரன் போயே பூட்டான்."

அந்தப் படகில் பிறகு நானும் ஏறினேன். வருஷக்கணக்கில் ஏறினேன். எங்களிடம் வலை கிடையாது. முழங்கால் தண்ணீரில் உட்கார்ந்து, சேற்றைக் கையால் தடவித் தடவி இறால் பிடிப்போம். பிடித்ததைப் போட ஓலைப் பறி. அதன் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொள்வோம். இறால் கிடைக்கிற இடம் கரையிலிருந்து வெகு தூரம். படகின் பாயை விரித்து அங்கே கொண்டு போய் விடுவதும், வேலை முடிந்ததும் கரைக்குக் கொண்டு வருவதும் மைதீன் பாயின் தொழில். அவர் வாப்பா செய்த தொழில்தான். படகும் வாப்பா கட்டியது.

வாப்பா படகோடு ஒரு சட்டத்தையும் விட்டுப் போயிருந்தார். படகில் ஏறின பொம்பளை வேலைக்கு இறங்கலாம், படகைத் தள்ள இறங்கக் கூடாது. சேற்றில் சிக்கினால் பாய்தான் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு குதிப்பார். முதுகைக் கொடுத்து முக்குவார். நாங்கள் மேலே ராணிகள் மாதிரி உட்கார்ந்திருப்போம்.

சுனாமிக்குச் சில வருஷம் முன்னால் வேலு மோட்டார் படகு வாங்கினான். இந்த வேலு ராஜம்மாவின் சித்தி பேரன். காற்று இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஐஸ் வண்டி வருவதற்குள் கரைக்கு வந்துவிடுவான். எங்களில் ஒவ்வொருத்தியாக அந்தப் பக்கம் போக ஆரம்பித்தார்கள். முதலில் போனது ராஜம்மாதான்.

பாய்க்கு ஒரே மகன் அப்துல் ரவூப், மீஞ்சூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. அங்கேயே பாய்க்கும் வாட்ச்மேன் வேலை பார்த்து வைத்திருந்தான். "வந்துடுங்க வாப்பா" என்று வாரா வாரம் சொல்லுவான். "கேட்டுப் பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காரவா நான் பொறந்தேன்?" என்று இவர் எரிந்து விழுவார்.

கடைசியில் பச்சையம்மா வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். பச்சையம்மா ராஜம்மாவுக்கு அத்தை மகள். என் கொழுந்தனுக்குப் பேசி, ஜாதகம் தட்டிப் போனவள். ஆளும் கனம், குரலும் கனம்.

"த பாரு பாய். உங்க படகுதான் வேணும்னு நாங்க இருக்கறோம். ஆனா இறால் நாறிப் போச்சுன்னா எங்க வூட்ல அடுப்பு எரியாது. வர்ற அமாவாசை வரைக்கும் பாக்கறோம். அப்பறம் நாங்களும் வேலுகிட்ட போயிடுவோம்."

மறுநாளே பாய் தன் அக்கா மகன் ரியாசுதீனைக் கூட்டிக்கொண்டு காசிமேட்டுக்கு மோட்டார் வாங்கப் போனார். ரியாசுதீனுக்குப் பொன்னேரியில் மெக்கானிக் வேலை. அங்கே நடந்ததை அவன் சொல்லித்தான் நாங்கள் சிரித்தோம்.

பழைய மோட்டார் விற்கிறவன், "கடலுக்கா பாய், ஏரிக்கா?" என்று கேட்டிருக்கிறான்.

"எங்க குடும்பம் டச்சுக்காரன் காலத்துலயே கடலுக்குப் போன குடும்பம்."

"அது சரி. இந்த மோட்டார் எங்க போவுது?"

"மாமா, நம்ம ஏரில ஆழம் இல்ல. கால் குட்டையா இருக்கறதா பாத்து வாங்கலாம்" என்று ரியாசுதீன் சொன்னதற்கு, "சும்மா இருடா, எனக்குத் தெரியும்" என்று பதில். தண்ணீருக்குள் இறங்குகிற தண்டைத்தான் கால் என்பார்கள். கடல் படகுக்குப் போடுகிற நெட்டைக் கால் மோட்டாரை வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். ஏரியில் இறக்கியதும் அடியில் இருக்கிற விசிறி சேற்றை உழுதது. நாற்று நடலாம் போலிருந்தது. அதைத் திருப்பிக் கொடுக்கப் போய், கடைக்காரனோடு நாள் முழுக்கச் சண்டை போட்டு, குட்டைக் கால் மோட்டாராக மாற்றிக்கொண்டு வந்தார். வரும் வழியெல்லாம் ரியாசுதீனோடு பேசவில்லையாம்.

மாற்றி வந்ததை ஓட்டிப் பார்க்க வேண்டுமே. வீட்டு வாசலில் குடிதண்ணீர் நிரப்பி வைத்திருந்த டிரம்மில் விட்டுக் கயிற்றை இழுத்தார். தெருவே புகை. பாயின் வீட்டுக்காரி ஜைனம்பு குடத்தோடு வந்து பார்த்தாள்.

"இன்னாங்க இது? நான் லாரிகிட்ட நின்னு புடிச்ச தண்ணி."

"ரெண்டு நிமிசம் இரு."

"பெட்ரோல் வாசனையில சோறாக்கிப் போடறேன், உங்க டச்சுக்காரனையும் சாப்பிடக் கூப்பிடுங்க."

மோட்டார் ஓடியது. மாட்டுவதற்குத்தான் இடமில்லை. எங்கள் பக்கத்துப் பாய்மரப் படகு முன்னும் பின்னும் ஒரே மாதிரி கூம்பிப் போகும். மோட்டாரைக் கவ்வ வைக்கத் தட்டையான பலகை பின்னால் கிடையாது. தச்சர் மூர்த்தி வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"பின்பக்கத்தை அறுத்துட்டு பலகை அடிச்சிடலாம் பாய். அரை நாள் வேலை."

"எங்க வாப்பா கட்டினதுல ரம்பம் வைக்கிறியா நீ? இன்னா தைரியம்?"

"அப்ப தலை மேல மாட்டிக்க" என்று மூர்த்தி உளியைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். வழியில் மறித்து டீ வாங்கிக் கொடுத்து, கெஞ்சித் திரும்பக் கூட்டி வந்தார் பாய். முடிவில் படகின் குறுக்கே ஒரு தடித்த கட்டையைப் போட்டு, அது வெளியே நீட்டுகிற இடத்தில் பலகை அடித்து, பக்கவாட்டில் மோட்டாரைத் தொங்க விட்டார்கள். காலியாக ஓட்டிப் பார்த்தார். அம்பு மாதிரி போனது. கரையில் நின்ற எங்களைப் பார்த்துக் கையை ஆட்டினார். அன்றைக்கு ஒரு நாள்தான் அவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்தோம்.

நாங்கள் ஏறியதும் எல்லாம் கெட்டது. மோட்டார் இருக்கிற பக்கம் படகு சாய்ந்தது. "எல்லாம் அந்தப் பக்கம் போங்க" என்றார். போனோம். இந்தப் பக்கம் தூக்கிக்கொண்டது. விசிறி தண்ணீரை விட்டு வெளியே வந்து வீலென்று அலறியது. "பச்சையம்மா மட்டும் இந்தப் பக்கம் வா" என்றார்.

"நான் இன்னா தராசுக் கல்லா?" என்றாள் அவள்.

அதையும் ஒரு வழியாகச் சரிக்கட்டினோம். சேற்றைத்தான் ஒன்றும் செய்ய முடியவில்லை. இறால் பிடிக்கிற இடத்திலிருந்து ஆழமான வாய்க்கால் வரைக்கும் வெறும் சேற்றுத்திட்டு. காலியாகப் போனபோது மிதந்த படகு, நாங்களும் பறிகளும் ஏறியதும் கீழே அமுங்கியது. விசிறி புல்லைச் சுற்றிக்கொண்டு நின்றது. புல்லை அறுத்துவிட்டால் சேற்றில் மோதி, அதைப் பிடித்திருக்கிற பித்தளை ஆணி முறிந்தது. பாய் குதிப்பார், தள்ளுவார், ஏறுவார், கயிற்றை இழுப்பார். இரண்டு முழம் போவோம். மறுபடி நிற்கும். வேலுவின் படகு பக்கத்திலேயே போகும். ராஜம்மா அதிலிருந்து, "பாய், கப்பல் இன்னிக்கே வருமா?" என்று கேட்டுவிட்டுப் போவாள்.

இரண்டு தடவை ஐஸ் வண்டியை விட்டோம். விசிறியைச் சின்னதாக மாற்றினார். கட்டையை ஒரு சாண் உயர்த்தினார். ரியாசுதீன் அழாத குறையாகப் பொன்னேரியிலிருந்து வந்து வந்து போனான். வெயிலில் தள்ளித் தள்ளிப் பாய்க்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. வீட்டுக்குப் போனால் மகனிடமிருந்து போன். அமாவாசையும் வந்துவிட்டது.

அன்றைக்குக் காற்று சுத்தமாக இல்லை. பறியெல்லாம் நிறைந்திருந்தது. ஏறி உட்கார்ந்தோம். பாய் கயிற்றை இழுத்தார். விசிறி ஒரு சுற்றுச் சுற்றியது, டக்கென்று நின்றது. ஆணி முறிந்து போயிருந்தது. மாற்று ஆணி ஒன்றே ஒன்றுதான் கையில். போட்டார். தள்ளுவதற்காகக் குதித்தார். முக்கினார். படகு அசையவில்லை. படகு விளிம்பில் நெற்றியை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

"மீஞ்சூர்ல ஸ்டூலு ரெடியா கீது, தெரியுமா" என்றார். யாரிடமும் சொன்ன மாதிரி இல்லை.

பச்சையம்மா புடவையை வரிந்து கட்டிக்கொண்டு தண்ணீரில் குதித்தாள்.

"ஏம்மா, ஏறு! ஏறு மேல! எங்க வாப்பா..."

"உங்க வாப்பா மோட்டார் வாங்கினாரா? காலையிலேர்ந்து நாங்க இதே தண்ணியிலதான கெடக்கறோம். இன்னும் கொஞ்சம் நனைஞ்சா கரைஞ்சா பூடுவோம்? எறங்குங்கடி எல்லாம்."

இறங்கினோம். நாங்கள் இறங்கியதுமே படகு ஒரு சாண் எழும்பி நின்றது. படகை அமுக்கிக்கொண்டிருந்த பாரமே நாங்கள்தான். இத்தனை நாள் அந்தப் பாரத்தை மேலே உட்கார வைத்துவிட்டுத்தான் அந்த மனுஷன் கீழே நின்று தள்ளியிருக்கிறார். ஆளுக்கு ஒரு கை வைத்தோம். எருமைக் கன்று மாதிரி படகு பின்னாலேயே வந்தது. "வேணாம், வுடுங்க, மானம் போவுது" என்று வாய்க்கால் வரைக்கும் கத்திக்கொண்டேதான் வந்தார் பாய். வாய்க்கால் வந்ததும் படகில் ஏறி உட்கார்ந்தோம், பச்சையம்மாவைத் தராசுக் கல்லாக வைத்து. மோட்டார் உடனே பிடித்துக்கொண்டது.

ஐஸ் வண்டி கரையில் நின்றிருந்தது. வண்டிக்காரன் மூடியைத் திறந்து எங்கள் இறாலை முகர்ந்து பார்த்துவிட்டு எடைக்குப் போட்டான். "இன்னா பாய், நாளைக்கு எத்தினி மணிக்கு?" என்று பச்சையம்மா கேட்டாள். பாய் மோட்டாரைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு விறுவிறுவென்று போய்விட்டார். எங்கள் மேல் அவ்வளவு கோபம்.

மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால், படகின் இரண்டு பக்கமும் இறங்கித் தள்ளுகிறபோது பிடித்துக்கொள்ளத் தேங்காய்நார்க் கயிறு வளையம் வளையமாகக் கட்டியிருந்தது.

"யாரு பாய் கட்டினது?"

"யாரோ. ஏறுங்க, நேரமாவுது."

கௌஸ் மைதீன் மீஞ்சூருக்குப் போகவில்லை. இப்போதும் பழவேற்காட்டில், ஜைனம்புவோடு அதே வீட்டில்தான் இருக்கிறார்.