அப்பா வீட்டுக்காரர் ஆன கதை

எங்கள் குடிசை நின்ற மனை எங்களுக்கே சொந்தம் என்று அரசாங்கம் சட்டம் போட்ட வருடத்தில், ஊரிலேயே அதிகமாக நொந்துபோனவர் என் அப்பாதான். இதைச் சொன்னால் இன்றைக்கு யாரும் நம்புவதில்லை. அடுத்தவர் திடலில் தலைமுறை தலைமுறையாக ஒண்டிக் கிடந்தவருக்குச் சொந்த மனை கிடைத்தால் துள்ளிக் குதிக்க மாட்டாரா என்கிறார்கள். அப்பா குதிக்கவில்லை. சங்கிலி பிடித்து அளந்தவர்கள் நாலு மூலையிலும் கல் நட்டுவிட்டுப் போனதும் வாசலில் குந்தி உட்கார்ந்து, "இனிமே எல்லாத்தையும் நாமதான் பாக்கணும்" என்றார். இழவு சொல்கிற குரலில் சொன்னார்.

கீழ்வேளூருக்குப் பக்கத்தில் ஒரு பெரிய பண்ணை. அப்பாவும் அம்மாவும் அந்தப் பண்ணையின் வயலில் வேலை பார்த்தார்கள். பண்ணையின் திடலிலேயே குடிசை. கோடை பிறந்தால் கூரை மாற்ற வைக்கோலும் மூங்கிலும் பண்ணையிலிருந்து வரும். அந்த வருடமும் அப்பா வழக்கம்போல் போய்க் களத்து ஓரமாக நின்றார். பண்ணையார் குடும்பம் தஞ்சாவூரில் இருந்ததால் இங்கே எல்லாவற்றையும் நடத்தியவர் காரியக்காரர். அவர் அப்பாவைப் பார்த்ததும் நாற்காலியிலிருந்து பாதி எழுந்து கும்பிட்டாராம்.

"வாங்க, வாங்க. சொந்த வீட்டுக்காரங்களுக்கு நாங்க வைக்கோல் குடுக்கலாமுங்களா? மரியாதையா இருக்காதே" என்றாராம்.

காரியக்காரர் அப்பாவை 'ங்க' போட்டுப் பேசியது அந்த ஒரு முறைதான். களத்தில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள்.

வீட்டுக்கு வந்த அப்பா கோபத்தை அம்மாமேல் கொட்டினார். மனைக்காகக் கூலியாட்கள் சங்கத்துக் கூட்டத்துக்குப் போனதும், தாலுகா ஆபீசு வாசலில் வெயிலில் நின்றதும் அம்மாதான். "வீட்டுக்காரியே போயி கூரை வேஞ்சுக்கட்டும். எனக்கென்ன வந்துச்சு" என்றார். சொன்னபடியே இருந்தும் காட்டினார். வயலிலிருந்து வந்தால் கால் கழுவிக்கொண்டு கயிற்றுக் கட்டிலில் சாய்ந்துவிடுவார். சுவர் விரிசல் விட்டால் பார்த்துக்கொண்டிருப்பார். கூரையில் ஓட்டை விழுந்தால் கட்டிலை நகர்த்திப் போடுவார்.

ஆகவே சொந்த மனையின் வேலை முழுவதும் அம்மா தலையிலும் என் தலையிலும் விழுந்தது. என் தலையில் என்றால் உண்மையிலேயே தலையில்தான். மழை பெய்தால் எங்கள் வாசலில் குளம் கட்டும். அதை மேடாக்க வேண்டும் என்று அம்மா முடிவு செய்துவிட்டாள். காய்ந்து கிடந்த வாய்க்காலில் அவள் மண் வெட்டுவாள், நான் கூடையில் சுமந்து வந்து கொட்டுவேன். பள்ளிக்கூடம் லீவு. என் வயதுப் பெண்கள் புளியமரத்தடியில் பாண்டி ஆடிக்கொண்டிருந்தார்கள். நான் மண் சுமந்தேன். சுவருக்கு மண் குழைத்தேன். தரைக்குச் சாணி மெழுகினேன். கூரைக்குக் கீற்று முடைந்து விரலெல்லாம் கீறிக்கொண்டேன். அரசாங்கம் எங்களுக்கு மனை கொடுத்ததா, எனக்குத் தண்டனை கொடுத்ததா என்று தெரியவில்லை. இத்தனையையும் அப்பா கட்டிலில் இருந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். அதுதான் எனக்கு ஆறவில்லை.

வேலி விஷயத்தில் மட்டும் அம்மா அவரைச் சும்மா விடவில்லை. "பண்ணை மாடு உள்ள வந்து கூரையக் கடிக்கிது. பொம்பள நான் போத்து நடவா?" என்று மூன்று நாள் முனகியதில் அப்பா எழுந்தார். ஒதியமரக் கிளைகளைப் போத்துகளாக வெட்டி வந்து நட்டார். நான் பிடித்துக்கொண்டேன். நட நட எனக்கு ஒன்று புரிந்தது. கல் ஓர் இடத்தில் இருந்தது, வேலி அதற்கு ஒரு முழம் உள்ளே தள்ளிப் போனது.

"அப்பா, கல்லு அங்கன இருக்கு."

"இருக்கட்டும்."

"அதுவரைக்கும் நம்ம எடந்தானே?"

"வேலிதானே கேட்டா ஒங்கம்மா? போட்டாச்சு."

நாலு பக்கமும் அப்படித்தான். நான் தலைவலிக்கத் தலைவலிக்க மண் கொட்டி மேடாக்கிய இடத்தில் ஒரு பகுதி வேலிக்கு வெளியே போய்விட்டது. அன்று எனக்கு வந்த அழுகையும் ஆத்திரமும் கொஞ்சமல்ல.

ஆடி பிறந்து ஆற்றில் தண்ணீர் வந்ததும், அம்மா நடவுக்குப் போன ஊரிலிருந்து ஒரு தென்னங்கன்று கொண்டுவந்தாள். அதைப் பார்த்ததும் அப்பாவின் முகம் மாறியது. "இதெல்லாம் வேண்டாம்" என்றார். அம்மா அவரைக் கேட்காமல் குழி வெட்டி வாசலுக்கு எதிரிலேயே நட்டாள். தண்ணீர் ஊற்றுவது என் வேலை என்றாள். இருக்கிற வேலை போதாதென்று அதுவும்.

இரண்டு நாள் கழித்து, அம்மா இல்லாத நேரத்தில், காரியக்காரர் சைக்கிளை மிதித்துக்கொண்டு திடல் வழியாக வந்தார். கன்றைப் பார்த்ததும் காலை ஊன்றி நின்றார்.

"யாரக் கேட்டுடா வச்ச?"

அப்பா கட்டிலிலிருந்து எழுந்தார். தோளில் கிடந்த துண்டு இடுப்புக்கு வந்தது. "பொம்பள தெரியாம வச்சுட்டாங்க" என்றார்.

"புடுங்கு."

அப்பா உள்ளே போய் மம்பட்டியை எடுத்துவந்தார். மெதுவாக, கன்றைச் சுற்றி மண்ணை வெட்டினார். குருத்து ஒடியாமல், அடித் தேங்காய் அடிபடாமல், இரண்டு கையாலும் தூக்கி வெளியே வைத்தார். காரியக்காரர் அதுவரை நின்று பார்த்துவிட்டு, சைக்கிளில் ஏறிப் போனார்.

நான் கத்தினேன். "நீ பயந்தாங்கொள்ளி! இது நம்ம எடம்! கல்லு நட்டிருக்கு!" என்று கத்தினேன். மண்ணை அள்ளி அவர் காலில் வீசினேன். அப்பா என்னை அடிக்கவில்லை. கன்றை வீட்டுக்குப் பின்னால் கொண்டுபோய், சாக்கை நனைத்து அதன்மேல் போர்த்தினார். பிறகு பழையபடி கட்டிலில் போய் உட்கார்ந்தார்.

அம்மா வந்ததும் மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சண்டை போடுவாள் என்று காத்திருந்தேன். அவள் பின்பக்கம் போய் ஈரச் சாக்கைத் தூக்கிப் பார்த்தாள். திரும்பி வந்து அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஏய்யா, இப்ப அவன் ஒண்ணும் பண்ண முடியாது."

"தெரியும்" என்றார் அப்பா. "கையி கேக்கலடி."

பொழுது சாயும் முன் இருவருமாக அதைப் பழைய குழியிலேயே நட்டார்கள். இந்த முறை மண் அணைத்தது அப்பா. அடுத்த வாரம் காரியக்காரர் அதே வழியில் வந்தார். கன்றைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், மிதித்துக்கொண்டு போய்விட்டார். ஆக, தனக்கு உரிமை இல்லை என்பது அவருக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது. சொன்னால் இன்னமும் கேட்கிறானா என்றுதான் பார்த்திருக்கிறார். நினைத்தால் இப்போது எனக்கு உடம்பு எரிகிறது.

கல்யாணமான புதிதில் அப்பா அதே வாசலில் ஒரு முருங்கைப் போத்து நட்டாராம். குடியிருக்கிறவன் மரம் வைத்தால் நாளைக்கு இடத்தையே கேட்பான் என்று அதைப் பிடுங்கச் சொல்லி, பண்ணை மாட்டுக்கொட்டகைத் தூணில் கட்டிவைத்து அவரை அடித்தார்களாம். இதை அம்மா எனக்குச் சொன்னது என் பிள்ளைகள் பிறந்த பிறகு.

அந்த ஆடி மாதம் முழுவதும் நான் அப்பாவோடு பேசவில்லை. காரியக்காரர் சைக்கிள் மணி அடித்தால் மட்டும் மற்ற பிள்ளைகளைப்போல வழிவிட்டு ஓரமாக நின்றேன். மழை வருவதும் வெயில் அடிப்பதும்போல அவர் அதட்டுவார், அவ்வளவுதான். பிடுங்கியவர் மேல் அத்தனை ஆத்திரப்பட்ட எனக்கு, பிடுங்கச் சொன்னவர் மேலும் கோபப்படலாம் என்று அன்றைக்குத் தோன்றவே இல்லை.