டயர் மேல் தூக்கிய நூற்று நாற்பது

திண்டுக்கல்லில் முகமது ரஃபீக்கின் ஜிம் மாடியில் இருக்கிறது. கீழே ஷரீஃபாவின் பிரியாணிக் கடை. அங்கே பழகும் பானுப்ரியா டெட்லிஃப்டில் எடையைத் தரையிலிருந்து இடுப்புவரை தூக்கிக் கீழே போடும்போதெல்லாம் கடைக் கூரையிலிருந்து சுண்ணாம்பு உதிரும்.

“ஏந்தம்பி, அண்டாவுல சுண்ணாம்பு விழுகுது. திங்க வாரவுக என்னையத்தான் ஏசுறாக!” என்று ஷரீஃபா படியேறி வந்து சத்தம் போட்டாள்.

அன்றைக்கே ரஃபீக் லாரி டயரை அறுத்து இரும்புப் பிளேட்டுகளுக்கு அடியில் அடுக்கினான். நாலு விரல் உயரம். நல்ல மனசோடு செய்த காரியம்தான், அதை யாரும் குறை சொல்ல வேண்டாம். ஆனால் அதற்குப் பிறகு இரண்டு வருஷம் பானுப்ரியா நாலு விரல் குறைவாகத்தான் குனிந்தாள். பிளேட்டுகள் மாட்டும் ராடும் தடிமன், வளையாது. வெடுக்கென்று இழுத்தால் எடை கூடவே எழும். அப்படித்தான் நூற்று நாற்பது கிலோ தூக்கினாள்.

எரியோட்டிலிருந்து வந்து நூல் மில்லில் ஷிஃப்ட் பார்க்கிறவள். மாவட்டப் போட்டியில் ஜெயித்து மாநிலத்துக்குப் போனால் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு மனுப் போடலாம். வயது வரம்பு இந்த வருஷத்தோடு சரி.

போட்டி மண்டபத்தில் ராடு மெலிசு, வளையும். பிளேட்டுகள் வெறும் தரையில். பழகிப் பார்த்தபோது நூற்றுப் பத்தே முக்கி முனகித்தான் வந்தது. ரஃபீக்குக்கு அப்போதுதான் உறைத்தது.

“பானு, அந்த டயரு... உன்னைய உசரத்துல வச்சே தூக்க விட்டுட்டேன். மொத எடைய நூத்திப் பத்தாக்கிருவோம். மாத்த நேரமிருக்கு.”

“நூத்திப் பத்தத் தூக்கி எவ மாநிலம் போனா மாஸ்டர்? நூத்தி நாப்பதுன்னு எழுதுனது எழுதுனதுதான்.”

“மேடை ஏறிட்டா அப்புறம் குறைக்க விடமாட்டாங்க புள்ள!”

“நான் குறைக்கச் சொன்னேனா?”

மூன்று வாய்ப்புகள். முதல் தடவை பழக்கப்படி வெடுக்கென்று இழுத்தாள். ராடு வில்லாக வளைந்தது, பிளேட்டுகள் அசையவில்லை, முதுகுதான் கூனியது. இரண்டாம் தடவை ரஃபீக் சொன்னபடி, ராடு வளைந்து முடியும்வரை மெல்ல இழுத்து, பிறகு தரையை மிதித்தாள். ஒரு விரல் உயரம் வந்து நின்றுவிட்டது. மூன்றாம் தடவை அதுவும் இல்லை. பட்டியலில் அவள் பெயருக்கு நேரே வெறுமை.

ஆட்கள் பிளேட்டுகளைக் கழற்றத் தொடங்கினார்கள்.

“அண்ணே, செத்த நேரம். நூத்திப் பத்த மட்டும் விட்டு வைங்க.”

“போட்டி முடிஞ்சிருச்சும்மா.”

“போட்டிக்கில்ல. என் பலம் எம்புட்டுன்னு எனக்குத் தெரியணும்.” திரும்பினாள். “எழவு வீடு மாதிரி ஏன் உக்காந்திருக்கீக மாஸ்டர்? வந்து பிளேட்ட மாட்டுங்க.”

நூற்றுப் பத்து வந்தது. நூற்று இருபது, கால் நடுங்க, வந்தது. நூற்று இருபத்தைந்து இரண்டு விரல் உயரத்தோடு நின்றுவிட்டது.

“நூத்தி இருபதும் லேசில்ல, பானு.”

“லேசுன்னு யாரு சொன்னா?” என்றாள். அதற்குப் பிறகுதான் அழுதாள்.