கழிப்பறை இரண்டு, நல்ல நிலை

கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு லாரி கம்பெனியின் ஆபீசில் வேலை பார்க்கிறேன். சம்பளம் போதவில்லை, தங்குமிடம் சரியில்லை என்று தமிழ்நாட்டு டிரைவர்கள் வண்டிகளை நிறுத்தியபோது, நானும் தமிழன் என்பதால் சமாதானம் பேச முதலாளி என்னை அனுப்பினார்.

அவர்கள் தங்கும் கொச்சங்காடி குடோனுக்கு அன்றுதான் முதல்முறை போனேன். பேச்சு நீண்டது. எனக்கு வயிறு கலக்கியது.

"பாத்ரூம் எங்க?" என்றேன்.

"இங்க ஏது சார்? வாங்க" என்று டிரைவர் முருகேசன் என்னை எதிரிலிருந்த சாயாக்கடைக்குக் கூட்டிப்போனார். "சேட்டா, நம்ம சாருக்கு அவசரம், பாத்ரூம ஒண்ணு தொறக்கணும்" என்று எனக்காகக் கெஞ்சினார்.

உள்ளே உட்கார்ந்தபோது என் கையெழுத்து நினைவுக்கு வந்தது. 'கழிப்பறை இரண்டு, நல்ல நிலை' என்று அந்தக் குடோனைப் பார்க்காமலே அரசாங்கப் படிவத்தை நிரப்பியவன் நான்.

"தண்ணி வருதா சார்?" என்றார் முருகேசன், கதவுக்கு வெளியே நின்று.

"வருது" என்றேன்.