உவர்க் கிணறு

யுத்தம் வருவதற்கு முந்தைய வருஷங்களில் ஒன்று. ஐந்து வயதான என் தங்கைக்கு முகமும் காலும் வீங்கின. சேலத்து டாக்டர் சிறுநீரகக் கோளாறு என்றார். மருந்தைவிட உப்பை நிறுத்துவதே முக்கியம் என்றார். எத்தனை நாளைக்கு என்று அப்பா கேட்டார். வருஷக்கணக்காகும் என்று பதில் வந்தது.

தனிச் சட்டி வைத்தால் அழுவாள் என்று அம்மா உப்புப் பானையையே வீட்டிலிருந்து அகற்றினாள். கடைக்கு உப்பு வருவதில்லை என்று தங்கையிடம் சொல்லிவைத்தோம். எல்லோரும் உப்பில்லாமல் தின்றோம். தெருவில் வரும் உப்பு வண்டிக்காரரையும் அம்மா வழிமறித்தாள்.

"அண்ணா, எங்க ஊட்டு முன்னால மட்டும் கூவாதீங்க."

"நான் என்ன கருவாடா விக்கறனுங்க, சனம் மோந்துக்கிட்டு வர்றதுக்கு?" என்றவர், காரணம் தெரிந்ததும் சிரிப்பை நிறுத்தினார். "சரிங்க அம்மணி. உங்க ஊடு தாண்டியே கூவறேன்."

எனக்கு அப்போது பத்து வயது. பள்ளிக்கூட வாசலில் உப்புத் தூவிய மாங்காய்க் கீற்று விற்பார்கள். ஒரு நாள் தின்றுவிட்டுக் கை கழுவாமல் வந்தேன். தங்கை என் விரலை முகர்ந்தாள். பிறகு நக்கினாள்.

"அக்கா, உப்பு!"

"அம்மாகிட்டச் சொல்லாத."

"நாளைக்கும் கொண்டா. கொண்டாராட்டி சொல்லிருவேன்."

மாங்காய்க்காரியிடம் கேட்டு வாங்கி, தினமும் ஒரு சிட்டிகையைப் பாவாடை முடிச்சில் கொண்டுவந்தேன்.

வடிந்திருந்த வீக்கம் திரும்பியது. காலையில் அவளால் கண் திறக்க முடியவில்லை. அம்மா முதலில் கீரையைச் சந்தேகித்தாள், பிறகு மோரை, கடைசியில் எங்கள் கிணற்றை. அது கொஞ்சம் உவர்த் தண்ணீர்தான். ஒரு மைல் தள்ளி நல்ல தண்ணீர்க் கிணறு இருந்தது. இரண்டிலிருந்தும் ஒவ்வொரு சொம்பு கொண்டுவந்து என் முன் வைத்தாள்.

"என் நாக்கு இதுலயே மரத்துப்போச்சு. நீ குடிச்சுப் பாத்துச் சொல்லு சாமி. நம்ம தண்ணீல உப்பு தெரியுதா?"

அன்றைய சிட்டிகை என் பாவாடை முடிச்சில் இருந்தது. தங்கை பாயில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லாத் தெரியுதும்மா," என்றேன்.

முடிச்சை அன்றே வேலியோரம் உதறினேன். தங்கை அழுதாள், ஆனால் காட்டிக்கொடுக்கவில்லை. சில வாரங்களில் வீக்கம் வடிந்தது. கிணறுதான் காரணம் என்று அம்மாவுக்கு உறுதியாயிற்று. அதன்பின் ஆறு வருஷம், காலையும் மாலையும், அந்த ஒரு மைலைக் குடத்தோடு நடந்தாள். சிறிய குடத்தை எடுத்துக்கொண்டு நானும் கூடப் போனேன். வழியெல்லாம் பேசிக்கொண்டு போவோம். இதை மட்டும் நான் பேசவில்லை.