பக்கத்து நாற்காலிக்காரர்

லாய்குன் காலி நாற்காலியில் தன் குடையை வைத்தாள். வைத்த கையை எடுப்பதற்குள் கூடத்தில் பாதிப்பேர் திரும்பிப் பார்த்துவிட்டார்கள்.

ஷாம் ஷுய் போ வட்டாரத்தில், கொழுக்கட்டையும் தேநீரும் விற்கும் வான் ஹிங் டிம்சம் உணவகத்தில் நாற்காலி பிடித்து வைப்பது சாதாரணக் குற்றமில்லை. அங்கே இடம் வேண்டுமென்றால் ஒரே வழிதான். யார் பல் குத்தத் தொடங்கிவிட்டாரோ, அவர் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொள்ள வேண்டும். அவர் எழுந்ததும் நாற்காலிச் சூடு ஆறுமுன் உட்கார்ந்துவிட வேண்டும். பக்கத்தில் இருப்பவர் டாக்டரா, சாக்கடை அள்ளுகிறவரா என்று பார்ப்பதற்கில்லை. வரப்போகிறவருக்கு, வழியில் இருப்பவருக்கு, கழிப்பறைக்குப் போன கொழுந்தனாருக்கு என்றெல்லாம் அங்கே இடம் கிடையாது.

இந்தச் சட்டத்தைக் காவல் காத்ததே லாய்குன்தான். ஒருமுறை ஒரு வங்கி அதிகாரி மனைவிக்காக நாற்காலியில் கைப்பையை வைத்திருந்தார். லாய்குன் அதைத் தூக்கி அவர் மடியில் போட்டாள். "பை டிம்சம் சாப்பிடாது சார், நான் சாப்பிடுவேன்" என்று சொல்லி உட்கார்ந்துகொண்டாள். அப்படிப்பட்டவள் குடையை வைத்தால் கடை சும்மா இருக்குமா?

"அக்கா, குடை என்ன சாப்பிடுது? இறால் கொழுக்கட்டையா, கோழிக்காலா?" என்று தள்ளுவண்டிக்காரி யுக் நடு வழியில் வண்டியை நிறுத்திக் கேட்டாள். மூங்கில் கூடைகளுக்குப் பின்னால் அவள் முகம் ஆவியில் பளபளத்தது. சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

"உன் வேலையப் பாத்துக்கிட்டுப் போடி" என்றாள் லாய்குன்.

குடை வைத்தது, தினமும் அந்த நாற்காலியில் உட்காரும் பெரியவருக்காக. ஒரு வாரத்துக்கு மேலாக அவர் வரவில்லை. இருக்கிறாரா, போய்விட்டாரா என்று தெரியவில்லை. எழுபது தாண்டிய மனிதர், தனியாக இருப்பவர், ஒருநாள்கூடத் தவறாதவர், திடீரென்று வராவிட்டால் மனசு எங்கே போகும்? கெட்ட இடத்துக்குத்தான் போகும். லாய்குன்னுக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. அந்த நாற்காலியில் இனியும் வேறு ஆள் உட்கார்ந்தால் அவர் கதை முடிந்துவிட்டதென்று அர்த்தம் என ஒரு பைத்தியக்கார எண்ணம் வேறு பிடித்துக்கொண்டது. அதனால்தான் குடை.

அவள் சந்தையில் பழக்கடை வைத்திருப்பவள். புருஷன் மினிபஸ் ஓட்டியவன், நெஞ்சுவலியில் போனான். மகன் எல்லைக்கு அப்பால் கல்யாணம் செய்துகொண்டு புத்தாண்டுக்கு மட்டும் தலைகாட்டுகிறவன். கடை திறப்பதற்கு முன்னால் ஒரு குவளை கறுப்புத் தேநீரும் இரண்டு கூடை டிம்சமும் அவளுக்கு. அந்த ஒரு மணி நேரம்தான் அவள் நாளில் யாருக்கும் விற்காத நேரம். சமையலறைக் கதவை ஒட்டிய வட்ட மேசையில், கதவு திறக்கும்போதெல்லாம் முழங்கையில் இடிக்கும் நாற்காலி அவளுடையது. அதற்கு இடப்பக்கம் அவர்.

இத்தனை வருஷத்தில் அவர்கள் பேசாத விஷயமில்லை. கீரை விலை, முழங்கால் வலி, புதன்கிழமைக் குதிரைப் பந்தயம், மருமகள்கள். அவருக்கு இடது காது கேட்காது, அதனால் அவள் எப்போதும் வலப்பக்கம்தான் உட்காருவாள். அவளுக்குச் சாப்பிடும்போதே கண் கலங்கினால், "மிளகாய் சாஸ் ஜாஸ்தியாயிடுச்சா?" என்று கேட்டுவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ளும் நாகரிகம் அவருக்கு இருந்தது. முள்ளங்கிக் கேக்கைத் தீய்ந்த ஓரமாகக் கேட்டு வாங்கி, பாதியை அவள் தட்டில் வைப்பார். அவள் ஒருமுறைகூட நன்றி சொன்னதில்லை, இரண்டு விரலால் மேசையைத் தட்டுவாள், தேநீர்க்கடையில் நன்றிக்கு அதுதான் வழக்கம்.

அன்றைக்குப் பார்த்து வெளிநாட்டுக் கூட்டம். வான் ஹிங்கைப் பற்றி எவனோ படம் பிடித்துப் போட்டுவிட்டான், 'விலை குறைவு, சுவை அதிகம், சத்தம் இலவசம்' என்று. அதிலிருந்து சக்கரம் வைத்த பெட்டிகளோடு உலகமே படியேறி வருகிறது. பெட்டி உருண்டு வந்து அவள் கால்விரலில் ஏறும். கூடை திறந்ததும் சாப்பிட மாட்டார்கள், போனைத் தூக்குவார்கள். ஆவி போய், மாவு காய்ந்து, செத்த இறால் இரண்டாம் சாவு சாகும்வரை படம் எடுப்பார்கள். பார்க்கப் பார்க்க லாய்குன்னுக்கு வயிறு எரியும்.

அப்படி வந்த ஒரு சியோல் ஜோடி, போனில் படித்து வந்த பாடத்தின்படி, குடை இருந்த நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றது. பக்கத்தில் இன்னொரு இடமும் அப்போதுதான் காலியாகியிருந்தது. பையன் பணிவாகக் குனிந்து, உடைந்த காண்டனீஸில், "இங்க ஆள் இருக்கா?" என்றான்.

"இருக்கு."

"எங்க?"

"வருவாரு."

கால்மணி நேரம் நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் வரிசை சேர்ந்தது. ஒரு கிழவர், "ஏம்மா, குடைக்கு மழையா பெய்யுது உள்ள?" என்று கத்தினார். யுக் போய் மேனேஜரைக் கூட்டி வந்துவிட்டாள். மேனேஜர் ஃபூ நல்ல பையன்தான், ஆனால் போனில் எவனாவது கடைக்கு நட்சத்திரம் குறைத்துப் போட்டால் அன்றைக்கு முழுக்கச் சாப்பிட மாட்டான்.

"அக்கா, யாருக்கு இந்த இடம்?"

"தினம் வர்றவருய்யா. உனக்குத் தெரியாதா? முள்ளங்கிக் கேக்கு ஓரம் தீஞ்சதாக் கேப்பாரே."

"தீஞ்ச ஓரம் இங்க ஊரே கேக்குது. பேரச் சொல்லுங்க. பழைய வாடிக்கைக்காரங்க நம்பரெல்லாம் எங்கிட்ட இருக்கு. நானே போன் போடறேன். வர்றேன்னு ஒரு வார்த்தை சொன்னாருன்னா, இந்த நாற்காலிக்கு நானே காவல் நிக்கிறேன். பேரு என்ன?"

லாய்குன் வாயைத் திறந்தாள். பெயர் வரவில்லை. மறந்துபோகவில்லை, தெரியவே தெரியாது. மேசையைப் பங்கு போட்டுக்கொள்கிறவர்கள் பெயர் கேட்டுக்கொள்வதில்லை. அந்தப் பெரியவருக்கு அவள் பழக்கடைக்காரம்மா. அவளுக்கு அவர் 'என்ன பெரியவரே'. அவருடைய மூலக்கோளாறு தெரியும், செத்துப்போன மனைவி எந்தப் பாட்டைக் கேட்டால் அழுவாள் என்று தெரியும். பெயர் தெரியாது.

"பேரு தெரியாத ஆளுக்கா இவ்வளவு கலாட்டா?" என்றார் கத்திய கிழவர்.

மேனேஜர் குடையை எடுத்து அவள் நாற்காலிச் சாய்வில் மாட்டினான். மெதுவாகத்தான் மாட்டினான். அவன் பிடுங்கி எறிந்திருந்தால் ஒரு சண்டையாவது போட்டிருக்கலாம். அந்த மென்மையைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

ஜோடி உட்கார்ந்தது. அந்தப் பெண்ணுக்கு என்னவோ புரிந்திருக்க வேண்டும். தன் கூடையிலிருந்து ஒரு கொழுக்கட்டையை எடுத்து லாய்குன்னின் தட்டில் வைத்து, "உங்க வீட்டுக்காரரா?" என்று கேட்டாள்.

"இல்ல."

"ஃப்ரெண்டா?"

லாய்குன்னுக்கு அதற்கும் ஆமாம் சொல்ல வரவில்லை. அதுவரை அந்த வார்த்தையை யாருக்கும் சொல்லிப் பழக்கமில்லை. "பக்கத்து நாற்காலி" என்றாள் கடைசியில். அந்தப் பெண் புரிந்த மாதிரி தலையாட்டியது அவளுக்கு இன்னும் ஆத்திரமூட்டியது. உனக்கு என்னடி புரியும், இன்றைக்கு வந்து நாளைக்கு விமானம் ஏறுகிறவளே! கொழுக்கட்டையைத் தொடாமல் எழுந்து போய்விட்டாள்.

கடையைத் திறக்காமல் நேராக அவர் கட்டிடத்துக்குப் போனாள். கீழே பொத்தான் கடை, நாலாம் மாடி, சன்னல் ஒழுகும் என்று அவர் சொன்னது நினைவிருந்தது. படிக்கட்டுக்கு அடியில் காவலாளி ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார்.

"நாலாம் மாடிப் பெரியவர் இருக்காரா?"

"எந்தப் பெரியவர்? நாலாம் மாடியப் பலகை வெச்சுத் தடுத்துப் பொந்து பொந்தா விட்டிருக்காங்க. பேரு?"

மறுபடியும் அதே கேள்வி. "ஒரு காது கேக்காது அவருக்கு."

"இந்தக் கட்டிடத்துல யாருக்கும்மா கேக்குது? பேரச் சொல்லுங்க. போன வாரம் ஒருத்தர ஆம்புலன்ஸ்ல எடுத்துக்கிட்டுப் போனாங்க. அவரா, வேற ஆளான்னு பேரு சொன்னாத்தான் நான் சொல்ல முடியும்."

"எப்படி இருப்பாரு, எடுத்துக்கிட்டுப் போனவரு?"

"துணி மூடியிருந்துச்சு."

லாய்குன் காவலாளியைத் தாண்டி நடந்தாள். படியேறிப் போய் ஒவ்வொரு கதவாகத் தட்டலாம் என்று ஒரு கால் வைத்தாள். "அதெல்லாம் விட முடியாது, நீங்க அவருக்கு என்ன வேணும்?" என்று காவலாளி மறித்தார். என்ன வேணும்! எத்தனை வருஷமாக ஒரே கெண்டித் தேநீர். என்ன வேணும் என்று இந்த ரேடியோக்காரனிடம் எந்த வார்த்தையில் சொல்வது?

அன்று வாங்க வந்தவர்களையெல்லாம் கடித்துக் குதறினாள். மாம்பழத்தை அழுத்திப் பார்த்த ஒருத்தியிடம், "அது என்ன உன் புருஷன் கன்னமா?" என்றாள். கடையைச் சாத்திவிட்டு அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்தபோது அழுகை வந்தது. அழுகையும் கோபமாகவே வந்தது. அவர்மேல் கோபம், பெயர் கேட்டவர்கள்மேல் கோபம், இத்தனை காலமாக ஒரு பெயரைக் கேட்காத தன் வாய்மேல் பெருங்கோபம்.

அடுத்த வாரம் ஒரு காலை அவள் படியேறி உள்ளே வந்தபோது, சமையலறைக் கதவோர மேசையில் அந்த முதுகைப் பார்த்தாள். அதே வழுக்கை, காலில் மட்டும் புத்தம் புதிய வெள்ளை ஷூ. தீய்ந்த ஓரத்தைச் சாவகாசமாக மென்றுகொண்டிருந்தார்.

லாய்குன் போய் அவருக்குப் பின்னால் நின்றாள். ஆள் நிற்பது தெரிந்து, திரும்பாமலே அவர், "நான் இன்னும் முடிக்கல" என்றார்.

"ஐயா முடிக்கலையாமே! நான் உங்களுக்குக் காரியமே முடிஞ்சிருச்சுன்னு நெனச்சேன்."

அவர் திரும்பினார். "அட, பழக்கடைக்காரம்மா! உக்காருங்க, உக்காருங்க. மகன் திடீர்னு டிக்கெட் போட்டுட்டான். சிட்னி போயிருந்தேன்."

"வாய் எங்க போச்சு? போறேன்னு ஒரு வார்த்தை சொல்ல முடியாதா?"

"ராத்திரி போன் வந்துது, விடிஞ்சதும் ஏர்போர்ட்டு. அங்க போனப்புறம் போன் பண்ணலாம்னு பாத்தேன். மகன், 'பேரச் சொல்லுப்பா, கடை நம்பரத் தேடித் தர்றேன்'னான். பழக்கடைக்காரம்மான்னேன். விழுந்து விழுந்து சிரிச்சான்."

அவள் உட்கார்ந்தாள். கோபம் இறங்கவில்லை. அவர் முள்ளங்கிக் கேக்கை அவள் தட்டுக்குத் தள்ளினார். அவள் மேசையைத் தட்டவில்லை.

"அங்கயும் டிம்சம் சாப்பிடக் கூட்டிக்கிட்டுப் போனான். நல்ல கடை, விலை குறைவுதான். எங்க மூணு பேருக்கு முழு வட்ட மேசை. முழங்கை இடிக்கல, பின்னால ஆள் நிக்கல. பக்கத்து நாற்காலியில மருமக கோட்டு உக்காந்திருந்துச்சு. கோட்டுகிட்ட என்னத்தப் பேசறது? பாதிக்கு மேல இறங்கல."

"நல்லா வேணும்" என்றாள் லாய்குன்.

அவர் அவள் குவளையில் தேநீர் ஊற்றினார். பிறகு கேட்கும் காதுப் பக்கமாகச் சாய்ந்து சொன்னார். "அடுத்த மாசம் ஒரேயடியாப் போறேம்மா. பேப்பரெல்லாம் ஆயிடுச்சு. இந்தத் தடவையாவது சொல்லிட்டுப் போகணும்னுதான்..."

சமையலறைக் கதவு திறந்து அவள் முழங்கையில் இடித்தது. அவள் கையை நகர்த்தவில்லை. போகட்டுமே, மகன் கூப்பிட்டால் போகாமல் இருப்பாரா? நியாயம்தான். ஆனால் நியாயமான விஷயத்துக்குக் கோபப்படக்கூடாதென்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது? அவளுக்கு மேசையையே கவிழ்த்துவிடலாம் போலிருந்தது.

"என் பேரு தொங் லாய்குன்" என்றாள். பொட்டிலடித்த மாதிரிச் சொன்னாள். எதிரே சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். "உங்க மகனப் போன்ல எழுதி வெச்சுக்கச் சொல்லுங்க. என் நம்பரும் தர்றேன்."

"எதுக்கும்மா?"

"எதுக்கா? நாளைக்கு அங்க உங்களுக்கு ஒண்ணு ஆயிட்டா எனக்குச் சொல்ல வேணாமா? துணிய மூடி எடுத்துக்கிட்டுப் போனாங்கன்னு எவனோ ரேடியோக்காரன் சொல்லித்தான் நான் தெரிஞ்சுக்கணுமா? ஒவ்வொருத்தனும் என்னப் பாத்து பேரு என்ன பேரு என்னன்னு கேட்டான்யா! பேயறைஞ்ச மாதிரி நின்னேன். அந்த அவமானம் இன்னொரு தடவ எனக்கு வேணாம். இப்ப உங்க பேரச் சொல்லுங்க. தகவல் வந்தா யாரு செத்ததுன்னு எனக்குத் தெரியணும்ல?"

அவருக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் வரவில்லை. கைத்துடைப்பானில் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துவிட்டு, விண்ணப்பம் கொடுக்க வந்தவர் போல நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பாங் தின்ஃபுக்."

லாய்குன் அதை உரக்க ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். வாய்க்குள் இன்னொரு முறை சொன்னாள். "உங்களுக்குப் பொருந்தவே இல்ல" என்று சொல்லிவிட்டு, மிளகாய் சாஸ் படாத முள்ளங்கிக் கேக்கை வாயில் போட்டுக்கொண்டு கண்ணைத் துடைத்தாள்.