ஒரு பிடி மண் இல்லாத கரை

ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலிலிருந்து விமான நிலையத்துக்கு ஆட்டோ நானூறு ரூபாய்க்குப் படிந்தது. பள்ளி நாட்களில் இதே சிக்னலில், தம்பி ஜெரால்டின் கையை என் கைக்குள் பொத்திப் பிடித்துத்தான் சாலையைக் கடப்பேன். இப்போது அவன் கனடாவில் வெல்டர். ஜூன் மாதம் அம்மா தவறியபோது விசா சிக்கலால் அவனால் வர முடியவில்லை.

நவம்பரில் வரும் கல்லறைத் திருநாளுக்குள் அம்மாவின் குழிமேல் கறுப்புக் கல் பதிப்பதாக ஏற்பாடு. "அதுக்கு முன்னாடி ஒரு தடவ இங்க வந்துட்டுப் போக்கா" என்றான் ஜெரால்டு போனில். காரணம் கேட்டால் பேச்சை மாற்றினான். பிடிவாதத்தில் அம்மாவை உரித்து வைத்தவன்.

"அங்க குளுராமே, சொட்டர் வச்சிக்கினியாக்கா?" என்றார் ஆட்டோக்காரர். ரெண்டு வைத்திருந்தேன். இருபதும் போதாது.

டொராண்டோவிலிருந்து தம்பி இருக்கும் சூ சென்ட் மரி நகரம் எழுநூறு கிலோமீட்டர். பேருந்து ஜன்னலில் பாறை, ஏரி, மறுபடி பாறை. அந்தக் கண்டத்தின் மிகப் பழைய பாறைத்தளம் இது. நடுவே ஊர் என்று சொல்ல ஏதாவது வராதா என்று ஏங்கிப்போனேன்.

சனிக்கிழமை காலை ஜெரால்டு என்னைக் காரில் வடக்கே கூட்டிப்போனான். சுப்பீரியர் ஏரியின் கரையோடு ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் போனால் மமெய்ன்ஸ் முனை. கடல் மாதிரிப் பெரிய ஏரி. ஆனால் உப்பு வாசனை இல்லை. அதுவே என்னவோ போலிருந்தது.

கரை முழுக்கக் கருஞ்சிவப்புப் பாறை. நூற்றுப் பத்துக் கோடி வருஷத்துக்கு முன் பூமி பிளந்து வழிந்த எரிமலைக் குழம்பாம். வழிந்தது வழிந்தபடி நின்றிருக்கிறது, அடுப்பில் பொங்கி உறைந்த பாகு போல. கொப்புளம் வெடித்த குழிகளும் அப்படியே. அன்றைக்கு இங்கே ஒரு புல் கிடையாது, பூச்சி கிடையாது. பூமி பிளந்த அவ்வளவு பெரிய சத்தத்தைக் கேட்க ஒரு காது இல்லை. காலடியில் எங்கோ வெடிப்புக்குள் அலை புகுந்து டொக், டொக் என்றது. உள்ளேயிருந்து யாரோ தட்டுவது போலவே இருந்தது. எனக்குப் பயமாக இருந்தது.

"அம்மாக்குப் போடப்போற கறுப்புக் கல்லும் இந்த ஜாதிதான்க்கா. கடைக்காரங்க கிரானைட்னு சொல்வாங்க. மேல வராம பூமிக்குள்ளயே உறைஞ்ச குழம்பு" என்றவன் சட்டென்று நின்றான்.

"அடக்கம் அன்னிக்கு நான் இங்கதான் நின்னேன். ரூம்ல நாலு பேரு, அழ இடமில்ல. போன்ல பாத்துக்கிட்டிருந்தேன். எல்லாரும் மண்ணு போட்டீங்க. நானும் குனிஞ்சேன்க்கா. கையில ஒண்ணுமே வரல."

"உனக்காகவும் ஒரு பிடி போட்டேன்டா."

"அது உன் பிடி. என் பிடி பாக்கி இருக்கு. கல்லு வச்சுட்டா அப்புறம் எங்க போடறது?"

தேடினோம். பின்னாலிருந்த காட்டில் பாசியை உரித்தால் அடியில் கல். ஊசியிலைச் சருகை விலக்கினால் அங்கேயும் கல். ஒரு பிடி மண்கூட இல்லாத உலகத்தில் என் தம்பி வாழ்கிறான்.

கடைசியில், சத்தம் வந்த அந்த வெடிப்பருகே குப்புறப் படுத்துத் தோள் வரை கையை விட்டான். தட்டும் சத்தம் நின்றுவிட்டது. வெகுநேரம் அவன் அசையவில்லை.

"ஜெரால்டு!"

"இரு, அக்கா. யாரோ கையப் புடிக்கிற மாதிரி இருக்கு."

கை வெளியே வந்தது, நீலம் பாரித்து, இறுக மூடியபடி. உள்ளே அலை அரைத்த கறுப்பு மணல். கார் வரைக்கும் அவன் விரல்களைப் பிரிக்கவில்லை. பிஸ்கட் டப்பாவுக்குள் கொட்டி என் மடியில் வைத்தான்.

ஊர் திரும்பித் தாம்பரத்தில் இறங்கியதும் வீட்டுக்குப் போகாமல் நேராகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். கறுப்புக் கல் சுவரில் சாய்ந்திருந்தது. கொத்தனார் சிமென்ட் குழைத்துக்கொண்டிருந்தார். நான் பிஸ்கட் டப்பாவைத் திறந்ததும் எட்டிப் பார்த்தார்.

"டப்பாவுல இன்னாக்கா? மண்ணா? நம்மூர்ல இல்லாத மண்ணா?"

"தம்பி போடச் சொன்னது."

அவர் சாந்துக் கரணையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார். "போடுக்கா. அப்பால கல்லு வச்சிக்கலாம்."

எங்கள் வழக்கத்தில் பிடி மண்ணை ஒரே தடவையில் போட வேண்டும். டப்பாவை வலக்கையில் கவிழ்த்தேன். மணல் விரலிடுக்கில் வழிந்தது. அவசரமாக இடக்கையையும் சேர்த்து ஏந்தினேன். தம்பியின் பிடி என் ஒரு கைக்குள் அடங்கவில்லை.