ஐந்து இடத்தில் சப்பாத்தைக் கழற்ற வைப்பவள்

வழிகாட்டி பூரணியைப் பற்றி எனக்கு வந்த முறைப்பாடுகள் எல்லாம் ஒரே முறைப்பாடுதான். இங்கிலீஷ் நன்றாகப் பேசுகிறாள், வழி தவறுவதில்லை, நேரத்துக்குப் பிளேன்டீ ஊற்றித் தருகிறாள். ஆனால் பொகவந்தலாவைத் தேயிலைத் தோட்டத்து மேல் டிவிசனில் புறப்பட்டு, மலை ஏறி மறுபக்கம் இறங்குவதற்குள் ஐந்து இடத்தில் சப்பாத்தைக் கழற்ற வைக்கிறாள்.

மலை ஏறுகிறவர்களின் சப்பாத்தைப் பற்றி எனக்குத் தெரியும். ஹட்டனில் அதை விற்றுத்தான் பிழைக்கிறேன். கணுக்காலுக்கு மேல்வரை கயிறு, உள்ளே அட்டைப்பூச்சி ஏறாமலிருக்கத் தனிக் காலுறை. கழற்ற ஐந்து நிமிடம், மாட்டப் பத்து நிமிடம். அதற்குள் அட்டை தொடைவரை வந்துவிடும். இவ்வளவும் எதற்கு என்றால், ஒரு மரத்தடியில் ஒரு கல், அதில் கொஞ்சம் குங்குமம். "சாமி இடம், பேசக்கூடாது, ட்ரோன் விடக்கூடாது" என்று விருந்தாளிகளிடம் கறாராகச் சொல்லிவிடுவாளாம்.

கொழும்பில் ஒரு சுற்றுலாக் கம்பெனி. அதற்கு இந்தப் பக்கம் வழிகாட்டிகளை ஏற்பாடு செய்து கொடுப்பது என் உபதொழில். போன மாதம் அவர்களுக்குப் பொறுமை போய்விட்டது. நானே கூட நடந்து பார்த்து வெள்ளிக்கிழமைக்குள் எழுத வேண்டும், குறை உண்மை என்றால் அவளை நிறுத்திவிட்டு வேறு ஆள் அனுப்புவார்கள். ஐம்பத்திரண்டு வயதில், இந்த வயிற்றைத் தூக்கிக்கொண்டு, நான் மலை ஏற வேண்டும். எரிச்சல் வருமா வராதா?

சாமியை எடு என்று போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். நான் முஸ்லிம். இன்னொருவர் கும்பிடும் கல்லில் பைஸர் நானா கை வைத்தான் என்று ஒரு பேச்சுக் கிளம்பினால், அதன் பிறகு ஹட்டனில் நான் யாருக்கு சப்பாத்து விற்பது?

பூரணிக்கு முப்பத்தொன்பது வயது. அந்த டிவிசன் தொழிலாளர் லயத்தில்தான் பிறந்தாள். ஏ.எல். பரீட்சை எடுத்து ஒரு பாடம் தவறியதும் கொழுந்துக் கூடையை மாட்டியவள், பதினாறு வருடம் இறக்கவில்லை. தாய் ராக்காயியும் அதே மலையில் கொழுந்து எடுத்தவள். புருஷன் கொழும்பில் ஹோட்டல் வேலை. மகள் ஷாமிலாவை ஹட்டனில் போர்டிங்கில் விட்டுப் படிப்பிக்கிறாள். வழிகாட்டி வேலை போனால் பழையபடி கூடைதான், அதே மலைதான். இதெல்லாம் எனக்குத் தெரியும், தெரிந்துகொண்டே ஏறினேன்.

அன்று வந்தது ஒரு ஜெர்மன் தம்பதி. முதல் கல்லில் கழற்றினோம், மாட்டினோம். இரண்டாவதிலும் அப்படியே. பூரணி வாசல் படியில் நிற்பவள் மாதிரி நிதானமாக நின்றாள். எனக்கு மூச்சு வாங்கியது. மூன்றாவது கல்லில் குனிந்து கயிற்றை அவிழ்க்கும்போது என் பெருவிரலிலேயே ஒரு அட்டை. வந்த கோபத்துக்கு அளவில்லை.

"இன்னும் எத்தன சாமி ஈக்கி, பூரணி? கம்பனிக்கு நான் என்னத்த எழுத?" என்று கத்தியே விட்டேன்.

அவள் ஒரு விரலை உதட்டில் வைத்து, இன்னொரு விரலால் மேலே காட்டினாள். மரத்தின் உச்சிக் கிளையில் முறம் அகலத்துக்குக் கறுப்பாக மூன்று தொங்கின. குளவிக் கூடு. என் சத்தத்துக்கு ஒன்றின் மேல்தோல் முழுவதும் ஒரு தரம் அசைந்து அடங்கியது.  சப்பாத்து விற்பவன் சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு, ஜெர்மன்காரர்களுக்குப் பின்னால் பூனை மாதிரி நடந்தேன்.

இருநூறு அடி தள்ளிப்போய், விருந்தாளிகள் தண்ணீர் குடிக்கும்போது மெதுவாகக் கேட்டேன், "குளவி என்டு செல்லித் தொலைக்கிறதுக்கு என்ன?"

"சொல்லிப் பாத்தேன் நானா. குளவின்னா போனத் தூக்கிப் படம் எடுக்குறாங்க. ஒருத்தரு கல்லே எறிஞ்சாரு. சாமின்னா சப்பாத்தக் கழட்டிட்டு, அட்ட கடிக்குமோன்னு கீழ பாத்துக்கிட்டு வாய மூடிட்டுப் போறாங்க. அதோட, சொல்லக்கூடாதுன்னு கடதாசி குடுத்தது நீங்கதானே."

நான்தான். குளவி, சிறுத்தை, மண்சரிவு, இந்த மூன்றையும் விருந்தாளிகள் காதில் போடக்கூடாது என்று கம்பெனி அனுப்பிய கடதாசி. வாசித்துக்கூடப் பார்க்காமல் அவளிடம் நீட்டியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

"அப்ப கல்லெல்லாம் பொய்யா?"

"மொதக் கல்லு மலைச்சாமி. கொழுந்துக்கு எறங்க முந்தி எல்லாரும் கும்புடுறது. மத்த நாலும் நான் வச்சது. வருசா வருசம் அதே மரத்துலதான் கட்டுது. மரத்த வெட்டச் சொல்லித் தோட்ட ஆபீசுக்கு எத்தன தடவ எழுதிக் குடுத்தோம், யாரு வெட்டுனா? நாலு எடத்துலயும் குளவி கொட்டி ஆளு விழுந்து செத்திருக்கு. இப்ப நீங்க கத்துனீங்கள்ள, அது எங்கம்மா விழுந்த எடம்."

சொல்லிவிட்டு போத்தல்களை வாங்கிப் பையில் அடுக்கினாள். மிச்சம் இரண்டு கல்லிலும் யாரும் சொல்லாமலே முதலில் கழற்றியவன் நான்.

வியாழக்கிழமை எழுதினேன். குளவி என்று எழுதினால் அந்தப் பாதையையே மூடிவிடுவார்கள், அவளுக்கு வேலை இருக்காது. அதனால் பூரணி வழியில் நானும் போனேன். மலைமக்களின் பழைய நம்பிக்கை, மௌனமாக வெறுங்காலோடு நடப்பது, இதை விருந்தாளிகளுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள் என்று நாலு வரி எழுதினேன். கூடவே, லேசான சப்பாத்தாகப் போட்டுவரச் சொல்லுங்கள் என்றும்.

மூன்றாம் நாள் பதில் வந்தது. கம்பெனிக்கு ஏகப்பட்ட சந்தோஷம். பூரணியே தொடரட்டும். மௌன நடை என்று விளம்பரமும் போடப் போகிறார்கள். இன்னும் ஒரு மூன்று கல் வைக்க முடியுமா, காட்சி நன்றாகத் தெரிகிற இடமாகப் பார்த்து?

பூரணிக்குப் போன் எடுத்து வேலை தப்பியதைச் சொன்னேன். ஷாமிலாவின் போர்டிங்கை மாற்ற வேண்டியதில்லை என்று பெருமூச்சு விட்டாள். பிறகு அந்த மூன்று கல்லையும் சொல்லி வைத்தேன். 

"அந்த எடத்துலல்லாம் இன்னும் யாரும் விழல நானா" என்றாள்.

போனை வைத்துவிட்டு, கல் கிடைக்கவில்லை என்று கம்பெனிக்கு எழுதினேன். இந்த மலையில் கல் கிடைக்கவில்லையாம். அதையும் நம்பினார்கள்.